தண்ணீர்க் கணக்கு

படுக்கப் போகுமுன் அப்பா
வீட்டிலுள்ள எல்லாவற்றையும் நிரப்புவார்.
ஈய வாளி, பராபின் டின், பிரியாணி தேக்சா,
சாமி மாடத்துச் செம்பு,
நான் குடித்து முடித்த பால் போத்தல்.
டொங்காட் சர்க்கரை ஆலையில் பத்து மணிச் சங்கு ஊதும்போது
ஒன்றுகூட வெறுமையாய் இருக்கக் கூடாது.
நடுராத்திரியில் எனக்குக் கஞ்சி கரைக்க
காலிக் கிண்ணம் ஒன்று கிடைக்காமல்
அம்மா இருட்டில் நின்று
தண்ணீரைத் தண்ணீருக்குள் ஊற்றிக்கொண்டிருப்பாளாம்,
சத்தம் வராமல்.

அவருக்குத் துப்பாக்கி தரவில்லை.
கறுத்த கைக்கு லாரிச் சாவி போதும் என்றிருக்கிறார்கள்.
டோப்ருக்கில் பிடிபட்ட அன்றும்
சாவி கால்சட்டைப் பையில்தான் இருந்தது.
லாரி எரிந்துகொண்டிருந்தது.
மூன்று வருஷம் கழித்து டர்பன் துறைமுகத்தில்
தோளுக்குப் பொருந்தாத கோட்டு ஒன்றைக் கொடுத்து
வீட்டுக்குப் போ என்றார்கள்.
அம்மா அதைப் பிரித்து
அண்ணனுக்கு இரண்டு கால்சட்டை தைத்தாள்.

அண்ணன் தேவனேசனுக்கு அப்போது ஐந்து வயது.
அவனுக்கு அப்பா என்றால்
சுவரில் தொப்பி சாய்த்துச் சிரிக்கிற படம்.
உள்ளே வந்து உட்கார்ந்த ஆளைக் காட்டி
"இவர் எப்பப் போவாரு?" என்று கேட்டானாம்.

ஏழு வயதில் ஒரு டம்ளர் தண்ணீரைத் தவறவிட்டான்.
டம்ளர் உடையவில்லை.
மணிக்கட்டு உடைந்தது.
விடிந்ததும் அப்பாதான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு
கரும்புக் காட்டு வழியே ஐந்து மைல் நடந்தார்.
போகும்போது பேசவில்லை.
வரும்போதும்.

நவம்பர் மாதம் ஊரில் கல்லுக்கு முன்னால்
பூ வைத்து இரண்டு நிமிஷம் நிற்பார்கள்.
அப்பா போனதில்லை.
அந்த இரண்டு நிமிஷத்தை
எங்கள் வீட்டில் முப்பத்தாறு வருஷம் நின்றோம்.

கடைசியில் ஆஸ்பத்திரியில், காய்ச்சலில்,
நர்ஸ் ஸ்பூனால் தண்ணீர் ஊட்டியபோது
வாயை மூடிக்கொண்டார்.
"கை நழுவிருச்சு" என்றார்.
"அறுபது பேருக்கு ஒரு டின்னு.
நான்தான் தூக்கிட்டு வந்தேன்.
எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க.
மண்ணு குடிச்சிருச்சு."
பிறகு ஒரு பெயர் சொன்னார். சரியாகக் கேட்கவில்லை.
அண்ணன் வெளியே வராந்தாவில்
சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான்.
நான் அவனிடம் சொல்லவில்லை.
எப்படிச் சொல்வது?
இதோ உன் மணிக்கட்டுக்கு ஒரு காரணம் என்றா?

ஏப்ரலில் வெள்ளம் வந்தது.
பாலத்தைத் தின்றது, குழாயைப் பிடுங்கியது.
எங்கும் தண்ணீர், குடிக்க மட்டும் இல்லை.
அப்பா கூரைக்கடியில் நிறுத்தி வைத்த ஏழு டிரம்களையும்
காலியாக விடாமல் வைத்திருந்தேன்.
பாத்திரங்களையும்தான். பழக்கம்.
கிறுக்கு என்று மருமகள் சொல்வாள்,
அவள்தான் முதல் வாளியைக் கொண்டுவந்து நீட்டினாள்.
மூன்றாம் நாள் வரிசை தெருமுனை தாண்டியது.
நொம்வுலா வந்தாள். மழையோடு பிறந்ததால் வைத்த பெயராம்,
சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.
ஆளுக்கு ஐந்து லிட்டர் என்று
நான் சாக்பீஸால் கணக்கு எழுதினேன்.

எண்பத்திரண்டு வயதில் அண்ணனும் வந்து
மொண்டு கொடுக்க நின்றான்,
வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.
கோணல் மணிக்கட்டு.
பாதி வழியில் வாளி சாய்ந்தது.
ஐந்து லிட்டரும் சிமெண்டில் ஓடி
வாசல் மண்ணுக்குள் போனது.

யாரும் பேசவில்லை.
நாங்கள் இருவர் மட்டும்
வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தோம்.
இரண்டு கிழங்கள், அடி விழுவதற்காகக் காத்துக்கொண்டு.

"கை நழுவிருச்சு, அவ்வளவுதான்" என்றேன்.
யாருடைய சொல் அது என்று அவனுக்குத் தெரியாது.
ஆனாலும் வெகுநேரம் என்னையே பார்த்தான்.

பின்னால் யாரோ
காலி டப்பாவைத் தட்டினார்கள்.